பொதி எந்தத் தரிப்பில் நின்றது? வீட்டிலிருந்து கடல் கடக்கும்வரை இணையப் பாதையைப் படிப்படியாகப் பார்க்கும் வழி

"நெற் வேலை செய்யேல்லை" என்ற ஒரே வசனத்துக்குள் குறைந்தது ஏழு வேறு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். கேபிள் முனை கழன்றிருக்கலாம். ரவுட்டர் முகவரி கொடுக்காமல் விட்டிருக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் செத்திருக்கலாம். கைபேசிக் கோபுரத்தில் நெரிசலாக இருக்கலாம். தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றித் தரும் சேவையகம் படுத்திருக்கலாம். டேட்டா முடிந்திருக்கலாம். அல்லது உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்து, கடலுக்கு அப்பால் உள்ள அந்தத் தளமே விழுந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் செய்யக்கூடியது இரண்டுதான்: ரவுட்டரை நிறுத்திப் போடுவது, பிறகு முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்துவிட்டுக் காத்திருப்பது. துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு சின்ன விசயமில்லை. வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஒருவர் வாகனம் எடுத்து வந்து, கழன்ற முனையைத் திரும்பச் செருகிவிட்டுப் போவார். அதற்குள் பிள்ளையின் இணையவழி வகுப்புகள் இரண்டு மூன்று போய்விடும்.

உங்கள் கையிலிருந்து வெளிக்கிடும் தரவு, பஸ் பிடித்துப் போகிறவரைப்போல, தரிப்பு தரிப்பாகத்தான் போகிறது. முதல் தரிப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே போங்கள். எது வரைக்கும் பதில் வருகிறது, எதிலிருந்து வரவில்லை என்று தெரிந்துவிட்டால் பழுது பிடிபட்டுவிட்டது. பெரும்பாலும் அது கீழே வரும் ஆறு படியில் முதல் மூன்றுக்குள், உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கும்.

போவது என்ன?

நீங்கள் அனுப்பும் படமோ செய்தியோ முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி ஒட்டி அனுப்பப்படுகிறது. அந்தத் துண்டுதான் பொதி. ஆங்கிலம் கலந்து பேசும்போது பக்கற். வீட்டுக் கேபிளிலும் வைஃபையிலும் ஒரு பொதியின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைற். அதில் 20 பைற் இணைய முகவரித் தலைப்புக்கு (தலைப்பு என்பது பொதியின் முன்னால் ஒட்டும் விவரம்), இன்னொரு 20 பைற் ஒழுங்கு பார்க்கும் தலைப்புக்கு. மிச்சம் 1460 பைற்தான் உங்கள் சரக்கு. கைபேசியில் எடுத்த 3 மெகாபைற் படம் ஒன்று, 1460 ஆல் பிரித்தால், ஏறத்தாழ 2,055 பொதிகளாக வெளிக்கிடும்.

எழுத்துச் செய்தி சின்னது. "நாளைக்கு வவுனியா வாறன்" என்று தட்டினால், இணையத்தில் தமிழுக்கு வழங்கும் குறிமுறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைற். குறி என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்து அல்ல. "வு" என்பதில் வகரம் ஒன்று, உகரக் கொம்பு ஒன்று, ஆக இரண்டு. எண்ணிப் பார்த்தால் இருபது குறி, இரண்டு இடைவெளி: 62 பைற். ஒரே பொதிக்குள் அடங்கிவிடும். செயலி சேர்க்கும் மறையாக்கம் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். அதனால்தான் சிக்னல் மிக மோசமான இடத்திலும் எழுத்துச் செய்தி போய்ச் சேர்கிறது, படம் சுற்றிக்கொண்டு நிற்கிறது. (சாதாரண எஸ்எம்எஸ் வேறு கணக்கு. அதன் கொள்ளளவு 140 பைற். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் குறிக்கு 2 பைற் போவதால் 70 குறி. அதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ்சுக்குக் காசு போகும்.)

பொதியின் மேல் இரண்டு வகை முகவரி இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு ஒரு பார்சலை பஸ்ஸில் போட்டுவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பார்சலின் மேல் எழுதிய அனுப்புநர், பெறுநர் பெயர் கடைசிவரை மாறாது. ஆனால் மாங்குளத்தில் பஸ் மாறினால் ரிக்கற் மாறும், வவுனியாவில் மாறினால் இன்னொரு ரிக்கற். இணைய முகவரி பார்சலில் எழுதிய பெயர். (வீட்டு ரவுட்டர் அனுப்புநரின் முகவரியை மாற்றுவது இதற்கு விதிவிலக்கு, அது கமரா பற்றிய பகுதியில் வரும்.) ஒவ்வொரு கருவிக்கும் உற்பத்தியில் பதிக்கப்படும் 48 பிட் வன்பொருள் முகவரி அந்த ரிக்கற்: அடுத்த தரிப்பு வரைக்கும் மட்டும்தான் செல்லும், அங்கே கிழித்துப் புதிது ஒட்டப்படும்.

வழியில் இருக்கும் எந்த ரவுட்டருக்கும் முழுப் பாதை தெரியாது. முல்லைத்தீவிலிருந்து ஏ9 வீதிக்கு வர ஒட்டுசுட்டான் ஊடாக மாங்குளம் போகலாம், புதுக்குடியிருப்பு விசுவமடு ஊடாகப் பரந்தன் போகலாம், நெடுங்கேணி ஊடாகப் புளியங்குளம் போகலாம். சந்தியில் நிற்பவர் "கொழும்புக்கா, இந்தப் பக்கம்" என்று அடுத்த திருப்பத்தை மட்டும் காட்டுகிறார். அதற்கு அப்பால் அடுத்த சந்தியின் வேலை. ஒரு பாதை அடைபட்டால் சந்தி வேறு பக்கம் காட்டும். ஒரே படத்தின் இரண்டு பொதிகள் இரண்டு வழியாகப் போய், பின்னால் வெளிக்கிட்டது முன்னால் சேர்வதும் உண்டு. அதைத் திரும்ப வரிசைப்படுத்துவது பெறும் கருவியின் பொறுப்பு.

முதற்படி: வயரும் விளக்கும்

கணினிக் கட்டளை எதையும் தட்டுவதற்கு முன் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். கரண்ட் விளக்கு எரிகிறதா? பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்கு 12 வோல்ற் அடப்டர் வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு விளக்கு மங்கலாக எரிந்து, அணைந்து அணைந்து எழும்பினால் ரவுட்டரைவிட அடப்டரைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது வோல்ற் அதே அளவு இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஃபைபர் இணைப்பு என்றால் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். சிவப்பு என்றால் ஒளி வந்து சேரவில்லை. கண்ணாடி இழை எங்கோ முறிந்திருக்கிறது, அல்லது மேசைக்குப் பின்னால் கூர்மையாக மடிந்திருக்கிறது. மடிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்னும் சிவப்பு என்றால் அது நிறுவனம் வந்துதான் பார்க்க வேண்டிய வேலை.

கேபிளில் இணைத்த கணினி என்றால், செருகிய துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் கேபிளை இரு முனையிலும் "டிக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பிளக்கின் மேலுள்ள பிளாஸ்ரிக் நாக்கு முறிந்திருந்தால் அது நிற்காது. முனையை வெட்டிப் புதிது அடிப்பதுதான் வழி.

அடிக்கும் முறை இது. வெளியுறையை 3 சென்ரிமீற்றர் அளவு உரித்தால் உள்ளே எட்டு வயர், நான்கு முறுக்குச் சோடி. பிளக்கின் நாக்கு கீழே, செப்புப் பற்கள் மேலே தெரியும்படி, வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக: வெள்ளை‑செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை‑பச்சை, நீலம், வெள்ளை‑நீலம், பச்சை, வெள்ளை‑மண்ணிறம், மண்ணிறம். நிறத்தை நிரைப்படுத்தி, நுனியை ஒரே நேராக வெட்டி, எட்டும் பிளக்கின் கடைசிச் சுவரில் முட்டும்வரை தள்ளுங்கள். வெளியுறையும் பிளக்குக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுபடும்போது வயர் உருவிக்கொண்டு வந்துவிடும். முறுக்கை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள். அந்த முறுக்குத்தான் பக்கத்துச் சோடியின் இரைச்சல் தொற்றாமல் காக்கிறது. பச்சைச் சோடி அடுத்தடுத்து வராமல் நீலத்தைத் தாண்டி உட்காருவதைக் கவனியுங்கள். புதியவர்கள் பச்சை இரண்டையும் அருகருகே வைத்து அடித்துவிடுவார்கள்: விளக்கு எரியலாம், தரவு ஒழுங்காகப் போகாது.

நூறு மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு வயரும் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட் ஓடிக்கொண்டிருந்த கேபிள் திடீரென்று 100இல் நின்றால் மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஒரு கேபிளின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து வளவின் மறுமுனையிலுள்ள கடைக்கோ ஆலைக்கோ இழுக்கிறவர்கள் இதை அளந்துதான் வாங்க வேண்டும். விலை குறைந்த கேபிள்களில் சில செம்பு பூசிய அலுமினியம். வெயிலில் ஆடி ஆடி முறியும். வெளியே இழுக்க அது வேண்டாம்.

ஒக்ரோபர், நவம்பரில் மழையோடு வரும் இடியும், மார்ச், ஏப்ரல் பின்னேர இடியும் ரவுட்டர்களைத் தின்கின்றன. இடி வரும்போல இருந்தால் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. தொலைபேசி வயரும் வெளி அன்ரனா வயரும் செம்பு. இடியின் மின்சாரம் அவற்றின் வழியாகவும் வரும். மூன்றையும் கழற்றுங்கள். மின்னிக்கொண்டிருக்கும்போது கழற்றப் போகாதீர்கள், வானம் இருண்டு வரும்போதே செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: முகவரி கிடைத்ததா?

விண்டோஸ் கணினியில் தேடும் பெட்டியில் சீ‑எம்‑டீ என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐ‑பீ‑சீ‑ஓ‑என்‑எஃப்‑ஐ‑ஜீ என்று தட்டி என்ரர் அடியுங்கள். தேட வேண்டியது இரண்டு வரி: ஐ.பீ. வீ4 முகவரி, டிஃபோல்ற் கேட்வே. கைபேசியில் என்றால் வைஃபை இணைப்பின் விவரத்துக்குள் இரண்டும் இருக்கும்.

முகவரி 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முறையாக முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை: கணினி கேட்டுப் பார்த்துப் பதில் வராமல் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியோடு வளவைத் தாண்ட முடியாது. கேபிள், வைஃபை கடவுச்சொல், ரவுட்டர், இந்த மூன்றில் ஒன்றில்தான் பிழை. வெளியே யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

கேட்வே என்று காட்டும் இலக்கம், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, உங்கள் ரவுட்டரின் முகவரி. உங்கள் முதல் தரிப்பு அதுதான்.

மூன்றாம் படி: முதல் தரிப்பைத் தட்டுங்கள்

பீ‑ஐ‑என்‑ஜீ என்று தட்டி, இடைவெளி விட்டு, கேட்வேயின் இலக்கத்தைக் கொடுங்கள். இதுதான் பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிகள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் சத்தத்தை நினைத்து வைத்த பெயர். நாற்பது வருடம் கடந்தும் வலையமைப்புக்காரரின் கையில் முதலில் எழும்பும் கருவி இதுவே. விண்டோஸில் 32 பைற் கொண்ட நான்கு பொதி போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி திரும்பி வரும். அந்த வரியில் இப்படி இருக்கும்:

192.168.1.1 இலிருந்து பதில்: பைற் 32, நேரம் 3 மி.செ., ரீ.ரீ.எல். 64

நேரம் என்பது பொதி போய்த் திரும்ப எடுத்த மில்லிசெக்கன். கேபிளில் 1க்குக் கீழே இருக்க வேண்டும். வைஃபையில் 2 முதல் 10 வரை சரி. வீட்டுக்குள்ளேயே 100, 300, 2 என்று ஏறி இறங்கினால் உங்கள் பிரச்சினை வைஃபை. ரீ.ரீ.எல். பற்றி ஆறாம் படியில் வரும்.

நான்கு பொதியை வைத்து முடிவு எடுக்காதீர்கள். கட்டளையின் கடைசியில் இடைவெளி விட்டு, கழித்தற் குறி, என் எழுத்து, இடைவெளி, 100 என்று சேர்த்தால் நூறு பொதி போகும். கடைசியில் எத்தனை நூற்றுவீதம் தொலைந்தது என்று வரும். வீட்டு ரவுட்டருக்குப் போன நூறில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். தொலைந்தால் ரவுட்டருக்குப் பக்கத்தில் போய்த் திரும்பச் செய்யுங்கள். பக்கத்தில் சரி, அறைக்குள் பிழை என்றால் நடுவில் இருப்பதைப் பாருங்கள்: தகரத் தட்டி, இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி. தகரம் வைஃபையை ஏறத்தாழ முழுதாகவே தடுக்கும். வைஃபை ஓடும் அலைப்பட்டைகளில் 2.4 கிகாஹேட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹேட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவருக்குப் பின்னால் சீக்கிரம் தளரும். கிளிநொச்சி நகரம்போல கடைகள் நெருங்கிய இடத்தில் 2.4இல் அலைவரிசை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஆள் குறைந்ததை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரிவுசெய்யுங்கள். மற்ற எண்களை வைத்தால் இரண்டு பக்கத்தோடும் மோதும்.

நான்காம் படி: கோபுரத்துக்குப் போகும் வழி

வன்னிக் கிராமங்களில் பல வீட்டுக்கு 4ஜி ரவுட்டர்தான் வாசல். பெட்டியில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரிக் கீறும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஆர்.எஸ்.ஆர்.பீ. என்ற எண்ணைப் பாருங்கள்: கோபுரத்திலிருந்து வந்து சேரும் சிக்னலின் பலம் அது. அன்ட்ரொயிட் போனில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் பலம் இருக்கும். எண் எப்போதும் கழித்தற் குறியோடு வரும். ‑80ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ‑100 தளர்வு. ‑110க்குக் கீழே போனால் எழுத்துச் செய்தி போகும், காணொளி வகுப்பு நடக்காது. எண் பத்து இறங்கினால் சிக்னலின் வலு பத்தில் ஒன்றாகிறது. ஆகவே ‑90க்கும் ‑100க்கும் உள்ள வேறுபாடு பார்வைக்குச் சின்னது, வேலையில் பெரியது.

செய்ய வேண்டியது: ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் நான்கு பக்கமும் போங்கள். ஒவ்வோரிடத்திலும் ஒரு நிமிடம் வைத்து எண்ணை எழுதுங்கள். கோபுரப் பக்க யன்னல், உயரமான இடம், தகரக் கூரையிலிருந்து தள்ளிய இடம் என்று தேடுங்கள். இலை நிறைந்த மரங்கள், அதுவும் மழையில் நனைந்தவை, சிக்னலைக் குடிக்கும். மாரியில் எண் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த அரை மணித்தியால வேலை, காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பக்கேஜைவிடப் பலன் தரும்.

ஐந்தாம் படி: வெளியே ஒரு பொதி, பிறகு ஒரு பெயர்

இப்போது 8.8.8.8 என்ற இலக்கத்துக்கு பிங் செய்யுங்கள். கூகுளின் பெயர்ச் சேவையகம் அது; ஒரே முகவரியில் உலகின் பல இடங்களில் இயங்குகிறது, பாதையில் கிட்ட இருப்பது பதில் சொல்லும். 1.1.1.1 என்பது கிளவுட்ஃபிளேரின் அதே வகைச் சேவை. பதில் வந்தால் உங்கள் வீதி திறந்திருக்கிறது.

அடுத்து ஒரு தளத்தின் பெயருக்கு பிங் செய்யுங்கள். இலக்கத்துக்குப் பதில் வந்து பெயருக்கு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தால் பழுது பாதையில் இல்லை, பெயரை இலக்கமாக மாற்றும் டீ.என்.எஸ். சேவையில். கணினியின் வலையமைப்பு அமைப்பில் டீ.என்.எஸ். இலக்கத்தை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் கொடுத்தால் அநேகமாக அந்தக் கணத்திலேயே தளங்கள் திறக்கும்.

இலக்கம், பெயர் இரண்டும் பதில் தருகின்றன, ஆனால் எல்லாத் தளமும் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கிறதா? கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் உள்ளே இருக்கும் காசளவு பற்றரி செத்திருந்தால், கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ் திகதியோடு அது பொருந்தாது.

ஆறாம் படி: ஒவ்வொரு தரிப்பாகப் பெயர் கேட்பது

ஒவ்வொரு பொதியிலும் ரீ.ரீ.எல். என்று ஒரு எண் இருக்கிறது. கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் பொதியை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு "இங்கே முடிந்தது" என்று தன் முகவரியோடு ஒரு குறிப்பு அனுப்பும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், இரண்டு ரவுட்டர் ஒன்றையொன்று பிழையாகக் கைகாட்டும்போது பொதிகள் சாகாமல் சுற்றிக்கொண்டே இருந்து பாதையை அடைத்துவிடும். விண்டோஸ் 128 என்றும், லினக்ஸும் அன்ட்ரொயிட்டும் 64 என்றும் தொடங்கும்.

இந்த விதியைப் பாதை காட்டும் கருவியாக மாற்றிவிட்டார்கள். முதலில் ரீ.ரீ.எல். 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் எறிந்து தன் பெயரைச் சொல்லும். 2 என்றால் இரண்டாவது. இப்படியே கடைசிவரை. விண்டோஸில் கட்டளை ரீ‑ஆர்‑ஏ‑சீ‑ஈ‑ஆர்‑ரீ. பிறகு இடைவெளி, கழித்தற் குறி, டீ எழுத்து, இடைவெளி, 8.8.8.8. டீ சேர்ப்பது பெயர் தேடி நேரம் போகாமல் இருக்க. ஒவ்வொரு தரிப்புக்கும் மூன்று நேரம் காட்டும். 30 தரிப்போடு நிற்கும்.

வாசிக்கும்போது இரண்டு பிழை செய்வார்கள். நடுவில் ஒரு வரியில் மூன்று நட்சத்திரம் வந்தால் "இங்கேதான் அறுந்துவிட்டது" என்பது முதற்பிழை. பல ரவுட்டர்கள் பொதியைக் கடத்தும், குறிப்பு அனுப்பாது. அதற்கு அடுத்த வரிகளில் பதில் இருந்தால் அந்தத் தரிப்பில் குறை இல்லை. நடுவில் ஒரு வரியில் மட்டும் நேரம் 300 என்று காட்டிப் பிறகு 60க்கு இறங்குவதைப் பழுதாக எடுப்பது இரண்டாவது. பழுது என்றால் அந்தத் தரிப்பிலிருந்து கடைசிவரை எல்லா வரியும் உயர்ந்து நிற்க வேண்டும், அல்லது கடைசிவரை எல்லாம் நட்சத்திரமாக வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு ஏன் இழுபடுகிறது?

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றால் வரும் தண்ணீர் துருசால் போவதைவிடக் கூடினால் குளம் ஏறும். நிரம்பினால் வான் பாயும். ரவுட்டருக்குள்ளும் ஒரு குளம் இருக்கிறது. வரும் பொதி போகும் பொதியைவிடக் கூடினால் வரிசையில் நிற்கும்: பிங் நேரம் ஏறும். வரிசை நிரம்பினால் மேலதிகப் பொதி எறியப்படும்: இழப்பு வரும். ஏழு மணி முதல் பத்து மணி வரை ஊரே ஒரே கோபுரத்தில் காணொளி பார்க்கும்போது நடப்பது இதுதான்.

சோதிக்கும் வழி: காலை ஐந்து மணிக்கு நூறு பொதி, இரவு எட்டு மணிக்கு நூறு பொதி, இரண்டும் 8.8.8.8க்கு. காலையில் 40 மி.செ., இழப்பில்லை; இரவில் 250 மி.செ., இழப்பு 8 வீதம் என்று வந்தால் உங்கள் கருவியில் பிழையில்லை. வீட்டு ரவுட்டரை மாற்றிப் பயனில்லை, கோபுரம் பகிரப்படுகிறது. பெரிய பதிவிறக்கத்தை விடியற்காலைக்கு வையுங்கள்.

அதே நெரிசலை வீட்டுக்குள்ளும் நீங்களே உண்டாக்கலாம். ஒருவர் கைபேசிப் படங்களைப் பின்னணியில் மேலேற்றிக்கொண்டிருக்க, இன்னொருவரின் பிங் 40இலிருந்து 500, 800 என்று ஏறும். மேலேற்றும் வழி எப்போதும் ஒடுக்கமானது. வகுப்பு நேரத்தில் படக் காப்புச் சேமிப்பை நிறுத்திவைத்தால் குரல் தெளியும்.

படம் அனுப்பும்போது தொலைந்த பொதி திரும்ப அனுப்பப்படும். அதை ரீ.சீ.பீ. என்ற அனுப்பும் முறை பார்த்துக்கொள்ளும்: ஒவ்வொரு பைற்றுக்கும் வரிசை எண், பெற்றதற்குச் சான்று, சான்று வராவிட்டால் மீண்டும் அனுப்பல், அதோடு வேகத்தையும் குறைத்தல். படம் தாமதமாகும், பழுதாகாது. குரல் அழைப்பு அப்படிப் போவதில்லை. வழக்கமாக 20 மி.செ. குரல் ஒரு பொதி, செக்கனுக்கு 50 பொதி, யூ.டீ.பீ. என்ற, சான்று பார்க்காத முறை வழியாக. தொலைந்ததைத் திரும்ப அனுப்பினால் அது வரும்போது வசனம் முடிந்திருக்கும், ஆகவே அனுப்புவதில்லை. அதனால்தான் ஒரே இணைப்பில் படம் முழுசாக வந்து சேர, கனடாவிலுள்ள மகளின் குரல் வெட்டி வெட்டி வருகிறது.

அந்தத் தூரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் சுமார் 200 கிலோமீற்றர் போகும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒளிக்கு 3, 4 மி.செ. போதும், மிச்சம் எல்லாம் 4ஜி கோபுரமும் வரிசைகளும் எடுப்பது. ஆனால் இங்கிருந்து ரொறொன்ரோ வரை நேர்கோட்டிலேயே சுமார் 14,000 கிலோமீற்றர்: போய்வர 140 மி.செ. கண்டிப்பாக வேண்டும். கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிசத்தில் 200ஐத் தாண்டும். எந்தப் பக்கேஜ் வாங்கினாலும் இது குறையாது. கதைக்கும்போது ஒரு கணம் பொறுத்துப் பதில் சொல்லப் பழகிக்கொள்வதுதான் மருந்து.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கமராவைப் பார்க்க முடியவில்லை என்றால்

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. 192.168.1.23 என்ற இலக்கம் உங்கள் வீட்டுக் கமராவுக்கு இருக்கும். அடுத்த ஒழுங்கையிலுள்ள வீட்டிலும் அதே இலக்கம் யாருக்காவது இருக்கும். பழைய இணைய முகவரி முறையில் உலகுக்கே சுமார் 430 கோடி இலக்கம்தான். புதிதாகப் பிரித்துக் கொடுக்க இருந்த பொதுக் களஞ்சியம் 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. ஆகவே ரவுட்டர் வீட்டிலுள்ள எல்லோரையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, யார் வெளியே கேட்டார்கள் என்று அட்டவணை எழுதி, வரும் பதிலை அவரிடம் கொடுக்கிறது. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பொதி யாருக்கு என்று அட்டவணையில் இல்லை, எறியப்படும்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால், நிறுவனமும் பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது உங்கள் ரவுட்டரில் துறை (வெளியிலிருந்து வருவதற்கான வாசல்) திறந்துவிட்டும் பயனில்லை. கமரா தானே வெளியே தொடர்பு எடுக்கும் வகைச் சேவையைப் பயன்படுத்துங்கள், அல்லது நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள்.

இன்னொரு விசித்திரப் பழுது: சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மேலேற்றினால் உறையும். வழியில் எங்கோ 1500 பைற் பொதி நுழையவில்லை. பிங் கட்டளையில் கழித்தற் குறியோடு எஃப், பிறகு கழித்தற் குறியோடு எல், அதன் பின் 1472 என்று சேர்த்து 8.8.8.8க்கு அனுப்புங்கள். 1472உடன் தலைப்பு 28 சேர்ந்தால் 1500. போகவில்லை என்றால் 1464 கொடுங்கள். அது போனால் உங்கள் வழியின் அளவு 1492; தொலைபேசி வயர் இணைப்புகளில் இது வழக்கம். ரவுட்டரில் எம்.ரீ.யூ. என்ற இடத்தில் 1492 என்று எழுதிச் சேமியுங்கள்.

முறைப்பாடு எழுதும்போது

எல்லாப் படியும் முடிந்து பழுது வெளியேதான் என்று தெரிந்தால், "நெற் இல்லை" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள், அல்லது எழுதி அனுப்புங்கள்:

"நேற்று இரவு 8.10 முதல் 8.30 வரை. ரவுட்டருக்கு நூறு பொதி, இழப்பு இல்லை, 3 மி.செ. 8.8.8.8க்கு நூறு பொதி, இழப்பு 22 வீதம். இன்று காலை 5.30க்கும் அதே இழப்பு. சிக்னல் ‑94. பாதைப் பரிசோதனையில் இரண்டாம் தரிப்பிலிருந்து கடைசிவரை இழப்பு. ரவுட்டரை ஒரு முறை நிறுத்திப் போட்டாயிற்று, சிம்மை வேறு போனில் போட்டும் பார்த்தாயிற்று."

காலையிலும் இழப்பு நிற்பதால் நெரிசல் என்று தட்டிக்கழிக்க முடியாது. சிக்னல் எண் இருப்பதால் "யன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள்" என்று சொல்ல முடியாது. சிம்மை மாற்றிப் பார்த்ததால் கருவியைக் குறை சொல்ல முடியாது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் அதே நேரத்துக்கு அதே நூறு பொதியைத் திரும்ப அனுப்பி, அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.